அழுமூஞ்சிப் பெண் பொறுமை கற்ற கதை

1897-ம் ஆண்டு கோடைக்காலம்.

பிரான்சு நாட்டில் லிசியூ என்று ஓர் ஊர். அங்கே ஒரு கன்னியர் மடம். அந்த மடத்தில் ஓர் இளம் கன்னிகாஸ்திரீ படுத்த படுக்கையாகக் கிடந்தார். எலும்புருக்கி நோய். வயது 24. இனிப் பிழைக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு நாள், வெளியே இரண்டு சகோதரிகள் பேசிக்கொண்டது ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்தது.

அந்த மடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கன்னிகாஸ்திரீ இறந்து போனால், அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி மற்ற மடங்களுக்கு எல்லாம் அனுப்புவார்கள். அதைப் பற்றித்தான் பேச்சு. இவள் நல்ல பெண்தான். ஆனால் இவள் இறந்த பிறகு நம் தாயார் இவளைப் பற்றி என்ன எழுதப் போகிறாரோ, எழுதும்படியாக ஒன்றுமே நடக்கவில்லையே என்று ஒரு சகோதரி இரக்கப்பட்டார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. படுக்கையில் கிடந்தவர் ஆஸ்பத்திரி கட்டவில்லை. பள்ளிக்கூடம் வைக்கவில்லை. பிரசங்கம் செய்யவில்லை. 15 வயதில் மடத்துக்குள் வந்தார். அதன் பிறகு வாசற்படி தாண்டவில்லை. பெருக்கினார், துவைத்தார், பரிமாறினார், ஜெபம் செய்தார். அவ்வளவுதான்.

அவர்தான் சிறுமலர் தெரசாள். குழந்தை தெரசாள் என்றும் சொல்வார்கள். கையில் சிலுவையும் ரோஜாப் பூக்களும் ஏந்திய அவருடைய படத்தை நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டு செய்த அன்னை தெரசா வேறு. அவர் 1910-ம் ஆண்டு பிறந்தவர். கன்னிகாஸ்திரீ ஆனபோது இந்தத் தெரசாளின் பெயரைத்தான் தமக்கு வைத்துக்கொண்டார்.

ஒன்றுமே செய்யாத ஒரு பெண்ணின் பெயர் எப்படி உலகம் முழுவதும் பரவியது?

பிடிவாதக்காரி

தெரசாள் 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி அலான்சோன் என்ற ஊரில் பிறந்தாள். தகப்பனார் லூயி மார்ட்டின். கடிகாரத் தொழில் செய்தவர். தாயார் செலி, லேஸ் பின்னுவதில் கெட்டிக்காரி. அலான்சோன் லேஸ் என்றால் அந்தக் காலத்தில் பெரிய மதிப்பு. அந்தத் தொழிலைத் தாயாரே நடத்தி வந்தார். 9 குழந்தைகள் பிறந்து, 4 இறந்து, 5 பெண்கள் மிஞ்சினார்கள். மரி, போலின், லெயோனி, செலின். கடைக்குட்டி தெரசாள்.

கடைக்குட்டி என்றால் செல்லம். செல்லம் என்றால் பிடிவாதம். நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுவாளாம். முடியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாள் முழுவதும் நிலவறையில் அடைத்துப் போட்டாலும் அங்கேயே படுத்துத் தூங்குவாளே தவிர, சரி என்று சொல்லமாட்டாள். இதை எழுதி வைத்தது வேறு யாரும் அல்ல, பெற்ற தாயார்தான். தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

ஒரு சமயம் அக்காள் லெயோனி, தன் பொம்மைத் துணிகளை எல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு வந்து, தங்கைகளுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். செலின் ஒரு சின்ன உருண்டைப் பின்னல் கயிறு எடுத்துக்கொண்டாள். தெரசாள் சிறிது யோசித்தாள். எல்லாமே தனக்குத்தான் என்று சொல்லிக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டாள்!

1877-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தாயார் புற்றுநோயால் இறந்தார். தெரசாளுக்கு நாலரை வயது. அன்றோடு துள்ளிக் குதித்த பெண் மாறிவிட்டாள். தொட்டால் அழுகை. யாராவது உற்றுப் பார்த்தால் அழுகை. அழுதது தப்பு என்று தெரிந்தால், அதற்காக இன்னொரு தரம் அழுகை!

தகப்பனார் குடும்பத்தை லிசியூ நகரத்துக்கு மாற்றினார். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த தாய்மாமன் இருந்தார். இரண்டாவது அக்காள் போலின், தெரசாளுக்குத் தாயாக இருந்து வளர்த்தாள். 1882-ம் ஆண்டு அவளும் கன்னிகாஸ்திரீ ஆகி மடத்துக்குப் போய்விட்டாள். தெரசாளுக்கு மறுபடியும் தாய் இறந்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு கடும் நோயில் விழுந்து பல வாரம் கிடந்தாள். நான்கு ஆண்டுகளில் மூத்தவள் மரியும் அதே மடத்துக்குப் போனாள்.

மாடிப்படியில் நின்ற கண்ணீர்

1886-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு. தெரசாளுக்கு 14 வயது நிரம்ப ஒரு வாரம் இருந்தது.

அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் அன்று கணப்பு அடுப்பின் அருகே குழந்தைகளின் செருப்புகளை வைப்பார்கள். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து பார்த்தால் அதில் பரிசுப் பொருள்கள் இருக்கும். 13 வயது முடியப்போகிற பெண்ணுக்கும் அந்த வீட்டில் செருப்பு வைத்தார்கள்.

பூசை முடிந்து எல்லோரும் களைப்போடு வந்தார்கள். தெரசாள் தொப்பியைக் கழற்றி வைக்க மாடி ஏறினாள். கீழே தகப்பனார் செருப்பைப் பார்த்துவிட்டு, நல்லவேளை, இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு இந்த ஆண்டோடு சரி என்று சலித்துக்கொண்டார். அது அவள் காதில் விழுந்தது.

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே மாடிக்கு வந்த செலினுக்குப் பயம். இனி விடிய விடிய அழுகைதான். இப்போது கீழே போகாதே என்று தடுத்தாள்.

தெரசாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மளமளவென்று படியிறங்கினாள். செருப்பை எடுத்துத் தகப்பனார் முன்னால் வைத்து, ஒவ்வொரு பரிசாக வெளியே எடுத்துச் சிரித்தாள். தகப்பனாரும் சிரித்தார். செலினுக்குக் கனவா நனவா என்று தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வெளியில் சொன்னால் யாரும் ஒரு பொருட்டாக மதிக்கமாட்டார்கள். ஆனால் 9 ஆண்டுகளாக அழுதே முடியாமல் இருந்தவள், தன் வாழ்க்கை அந்த இரவில்தான் திரும்பியது என்று பிற்காலத்தில் எழுதினாள். அது கடவுள் தனக்குச் செய்த உதவி, தன் சாமர்த்தியம் அல்ல என்பது அவள் நம்பிக்கை.

போப் ஆண்டவரிடம் மனு

அக்காள்மார் இருந்த கார்மேல் மடத்தில் தானும் சேர வேண்டும். இதுதான் அவள் ஆசை. வயதோ 14. தகப்பனார் கண் கலங்கினாலும் சம்மதித்தார். மாமன் முதலில் மறுத்து, பிறகு இறங்கி வந்தார். மடத்தை மேற்பார்வை பார்த்த குருவோ, 21 வயது ஆகட்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

தெரசாள் தகப்பனாருடன் பிஷப்பைப் பார்க்கப் போனாள். பெரிய பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று தலைமயிரைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள்! பிஷப்பும் பிடி கொடுக்கவில்லை.

1887-ம் ஆண்டு நவம்பர் மாதம் யாத்திரைக் கூட்டத்தோடு ரோமாபுரிக்குப் போனார்கள். போப் ஆண்டவர் 13-ம் லியோவைத் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்தது. அவரிடம் யாரும் பேசக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. தெரசாள் மண்டியிட்டாள். உத்தரவை மீறிப் பேசியேவிட்டாள். 15 வயதில் மடத்தில் சேர அனுமதி கேட்டாள். மேலதிகாரிகள் சொல்கிறபடி நடக்கும்படி போப் ஆண்டவர் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. காவலர்கள் வந்து கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

பிடிவாதம் அவளை விட்டுப் போய்விடவில்லை என்பதற்கு இது சாட்சி.

புது வருடத்தில் பிஷப்பின் அனுமதி வந்தது. ஆனால் மடத்தில் மூன்று மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டார்கள். தவக்காலம் கடுமையாக இருக்கும், அது கழியட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இந்த மூன்று மாதத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். எப்படியும் மடத்துக்குப் போகப்போகிறோமே, அதுவரை ஜாலியாக இருப்போம் என்ற எண்ணம் முதலில் அவளுக்கும் வந்தது. பிறகு வேறு விதமாக முடிவு செய்தாள். நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்குவது. தன் இஷ்டத்தை ஒரு முறை விட்டுக்கொடுப்பது. யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன வேலையைச் செய்து வைப்பது. பட்டினி கிடக்கவோ, முள்சட்டை போடவோ தன்னால் ஆகாது என்று கண்டுகொண்டு, கையளவு வேலையாக எடுத்துக்கொண்டாள்.

1888-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி மடத்துக் கதவு திறந்து மூடியது. அன்று முதல் அவர் சகோதரி தெரசாள்.

மடத்துக்குள்ளே

சண்டை சச்சரவு இல்லாத இடம் மடம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு குணம். வெளியே போக முடியாது. பார்க்க வருகிறவர்களிடம் கிராதிக்குப் பின்னால் இருந்துதான் பேசலாம். பெரிய குளிரிலும் ஒரே ஓர் அறையில்தான் கணப்பு. ஒரு கூட்டுக் குடும்பத்தை ஆயுள் முழுவதும் ஒரே வீட்டில் பூட்டி வைத்தது போல!

மடத்துத் தாயார் கண்டிப்பானவர். சிறு பெண் என்று செல்லம் கொடுக்கவில்லை. நடைபாதையில் ஒரு சிலந்திக்கூடு விட்டுப் போயிருந்தது. 15 வயதுக் குழந்தை பெருக்கும் லட்சணம் இதுதான் என்று எல்லோர் முன்னாலும் குத்திக் காட்டினார்.

ஒரு நாள் ஜன்னல் ஓரம் இருந்த ஜாடி உடைந்து கிடந்தது. உடைத்தது தெரசாள் அல்ல. ஆனால் பழி அவர் மேல் விழுந்தது. அவர் வாய் திறக்கவில்லை. மடத்து வழக்கப்படி தரையை முத்தமிட்டு, இனிமேல் கவனமாக இருப்பதாகச் சொன்னார். இதற்கே தமக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். கடைசி நாளில் உண்மை எல்லாம் வெளியாகும் என்று நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டாராம்.

ஜெபத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் இந்தத் தொல்லை. அதற்காக அவர் மனம் உடைந்து போகவில்லை. தூங்குகிற பிள்ளையையும் பெற்றோர் நேசிக்கத்தானே செய்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

மாலை ஜெபத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு சகோதரி. அந்தச் சகோதரி ஒரு வினோதமான சத்தம் செய்துகொண்டே இருப்பார். இரண்டு கிளிஞ்சல்களை ஒன்றோடு ஒன்று தேய்ப்பது போல. மற்றவர்களுக்கு அது கேட்கவே இல்லை. தெரசாளுக்கோ காது மிகக் கூர்மை. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றுவிடும். ஆனால் அந்தச் சகோதரி மனம் நோகும். உட்கார்ந்த இடத்தில் உடம்பெல்லாம் வேர்க்கும். ஜெபம் எங்கே ஓடும்? கடைசியில் ஒரு வழி கண்டார். கேட்காமல் இருக்க முயற்சி செய்வதை விட்டார். அதையே ஒரு நல்ல சங்கீதக் கச்சேரி போலக் காது கொடுத்துக் கேட்டார். அந்தக் கச்சேரியையே கடவுளுக்குக் காணிக்கை ஆக்கினார்!

துணி துவைக்கும் இடத்திலும் இப்படித்தான். எதிரே நின்று கைக்குட்டைகளைத் துவைத்த சகோதரி அடிக்கும் அடியில் அழுக்குத் தண்ணீர் தெரசாள் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டால் அவருக்குப் புரிந்துவிடும். அப்படிச் செய்யத்தான் முதலில் தோன்றியது. செய்யவில்லை. இலவசமாகக் கிடைக்கிற பொக்கிஷம் என்று நினைத்து வாங்கிக்கொண்டார். அடுத்த தடவையும் அதே இடத்துக்குப் போக நினைத்தாராம்.

பாட்டியம்மாளும் பத்து நிமிடமும்

செயிண்ட் பியேர் என்று ஒரு வயதான சகோதரி. நடக்க முடியாதவர். மாலை 6 மணி அடிக்க 10 நிமிடம் இருக்கும்போது அவரை ஜெபக்கூடத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவரைத் திருப்திப்படுத்த ஒருவராலும் முடியாது. இது தெரிந்தேதான் தெரசாள் அந்த வேலையைக் கேட்டு வாங்கினார்.

தினமும் நேரம் வந்ததும் கிழவி தம் மணல் கடிகாரத்தை ஆட்டுவார். புறப்படு என்று அர்த்தம். உட்காரும் பலகையை இன்ன விதமாகத்தான் நகர்த்த வேண்டும். அவசரப்படக்கூடாது. இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். கொஞ்சம் நடந்தால், வேகம் அதிகம், விழுந்துவிடுவேன் என்று சத்தம். மெதுவாக நடந்தால், பின்னால் ஆளையே காணோம், கையை விட்டுவிட்டாய் என்று சத்தம். இத்தனை சின்னப் பெண்ணுக்கு இந்த வேலை ஆகாது என்று முணுமுணுப்பு வேறு. மாமியாருக்கோ பாட்டிக்கோ பணிவிடை செய்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியது இல்லை.

சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, சட்டைக் கையை ஒரு தினுசாக மடித்துவிட்டதும் தெரசாள் வேலை முடிந்தது. ஆனால் வாதத்தால் முடங்கிய கைகளால் கிழவி ரொட்டியை அறுக்கத் திண்டாடுவதைக் கவனித்தார். அன்றிலிருந்து ரொட்டியை அறுத்துக் கொடுத்து, ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுத்தான் போவார். கிழவி மனம் இளகியது, யாரும் கேளாமல் செய்த அந்த ரொட்டி வேலையால்தான்.

தப்பி ஓடிய வீரர்

தெரசாள் ஒரு தடவை ஓட்டமும் பிடித்திருக்கிறார்.

தாயாருக்கு மார்ச்சளி. சில சாவிகளைத் திருப்பிக் கொடுக்கத் தெரசாள் அவர் அறைக்குப் போனார். தாயார் தூக்கம் கலைந்துவிடும் என்று இன்னொரு சகோதரி வாசலில் சாவியைக் கேட்டார். அது தம் பொறுப்பு என்று தெரசாள் கொடுக்கவில்லை. இருவரும் வாதாடியதில் தாயார் விழித்துக்கொண்டார். உடனே அந்தச் சகோதரி எல்லாப் பழியையும் தெரசாள் மேல் போட்டுப் பேச ஆரம்பித்தார்.

பதில் சொல்ல வாய் துடித்தது. வாய் திறந்தால் பொறுமை போய்விடும் என்று தெரிந்தது. சட்டென்று திரும்பி ஓடிவிட்டார். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் ரொம்பத் தூரம் போக முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தோற்பது நிச்சயம் என்று தெரிந்தால் ஓடிவிடுவதே மேல் என்பது அவர் கண்ட வழி. இதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை.

இதற்கு நடுவில் பெரிய துன்பம் ஒன்றும் வந்தது. 1889-ம் ஆண்டு தகப்பனாருக்குப் புத்தி தடுமாறியது. கான் நகரில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். பெண்கள் மடத்துக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று ஊரார் பேசினார்கள். உயிருக்கு உயிரான தகப்பனாரைப் போய்ப் பார்க்கவும் முடியாது. 1894-ம் ஆண்டு அவர் இறந்தார்.

இருட்டில் ஓர் இரவு

1896-ம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை பிறக்கிற நேரம். நள்ளிரவில் தெரசாள் அப்போதுதான் தலையணையில் தலை வைத்தார். தொண்டையிலிருந்து ஏதோ கொப்பளித்துக்கொண்டு வாய் வரை வந்தது. கைக்குட்டையால் துடைத்தார். ரத்தமா? விளக்கை அணைத்தாயிற்று. மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். அவர் ஏற்றவில்லை. காலையில் பார்த்துக்கொள்வோம் என்று படுத்துவிட்டார். விடிந்து ஜன்னல் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ரத்தம்தான்.

அந்த நாட்களிலிருந்து மனதிலும் இருட்டு புகுந்தது. மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா, எல்லாம் வெறும் கனவா என்ற எண்ணம் சாகும் வரை அவரை விடவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் அவரை எப்போதும் சிரித்த முகமாகவே பார்த்தார்கள்.

1897-ம் ஆண்டு ஜூன் மாதம், நினைவில் உள்ளதை எல்லாம் எழுதி முடிக்கும்படி தாயார் உத்தரவிட்டார். சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மடியில் நோட்டுப் புத்தகம். பத்து வரி எழுதுவதற்குள் வைக்கோல் வேலைக்குப் போகும் சகோதரி, பாவம், தனியாக இருக்கிறாளே என்று நின்று பேசுவார். அவர் போனால் இன்னொருவர். எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும். தெரசாளோ நோட்டை மூடிவிட்டுச் சிரித்தபடி பேசுவார். எழுதிக்கொண்டிருந்ததும் பிறரிடம் பொறுமையாக நடப்பதைப் பற்றித்தான்! கடைசிப் பக்கங்களைப் பேனா பிடிக்க முடியாமல் பென்சிலால் எழுதினார்.

முடிவு பயங்கரமாக இருந்தது. மூச்சு முட்டியது. குடலும் கெட்டது. இப்படி வேதனைப்படுகிற நோயாளியின் அருகே விஷ மருந்து எதையும் வைக்காதீர்கள் என்று கவனித்துக்கொண்டவர்களை எச்சரித்தார். கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டால் தாமே ஒரு நிமிடமும் தயங்கியிருக்கமாட்டார் என்றும் சொன்னார். செப்டம்பர் 30-ந் தேதி இரவு 7 மணிக்கு மேல் உயிர் பிரிந்தது.

மற்ற மடங்களுக்கு என்ன எழுதி அனுப்புவது? அக்காள் போலின் அந்த நோட்டுப் புத்தகங்களையே திருத்திப் புத்தகமாக அச்சுக்குக் கொடுத்தார். சரியாக ஓர் ஆண்டு கழித்து வெளிவந்தது. அச்சிட்டது 2 ஆயிரம் பிரதிகள். விற்றுத் தீர்ந்தது. மறுபடி அச்சிட்டார்கள். உலக மொழிகளில் எல்லாம் பெயர்த்தார்கள். 1925-ம் ஆண்டு போப் ஆண்டவர் 11-ம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். மடத்தை விட்டு வெளியே வராதவரை, 1927-ல் வேதபோதகர்கள் எல்லோருக்கும் பாதுகாவலி ஆக்கினார்கள். 1997-ல் திருச்சபையின் பேராசான்கள் வரிசையில் சேர்த்தார்கள்.

அந்த நோட்டில் ஒரு சகோதரியைப் பற்றி எழுதியிருக்கிறது. பெயர் இல்லை. அந்தச் சகோதரியின் நடை, பேச்சு, குணம் எதுவுமே தெரசாளுக்குப் பிடிக்காது. அதனாலேயே அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்த முகம் காட்டினார். அவருக்கு வலியப் போய் உதவி செய்தார். பொறுக்க முடியாமல் போனால் அங்கிருந்து நழுவிவிடுவார். தம்மிடம் அப்படி என்ன கவர்ச்சியைக் கண்டாய் என்று அந்தச் சகோதரியே ஒரு நாள் ஆசையோடு கேட்டாராம்.

தெரசாள் இறந்த பிறகு அந்தச் சகோதரியும் தம் நினைவுகளை எழுதினார். தமக்கும் தெரசாளுக்கும் இருந்த ஆழ்ந்த சிநேகத்தைப் பற்றி.